நாலு ரூம் கேட்டவங்க

போன வாரம் உங்க ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருந்தப்போ, உங்கள்ல ஒருத்தர் பேசினது காதுல விழுந்துச்சு. பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவங்களப் பத்தின பேச்சு. “இதுங்களுக்கு என்னா மேடம் தெரியும், பிஸ்கட்டத் தின்னுட்டு கையெழுத்து போட்டுட்டுப் போவும்”னு சொன்னீங்க. யாருன்னு நான் சொல்லப் போறதில்ல, சொன்னவருக்கே தெரியும். அந்த ‘இதுங்க’ எனக்குச் சுருக்குன்னுச்சு. அன்னைக்கே வாயைத் திறந்திருப்பேன், ரிட்டையர் ஆனவளுக்கு எதுக்கு வம்புன்னு டீயை முழுங்கிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்தும் ஆறல. அதான் இன்னைக்குப் பேசக் கூப்பிட்டதும் மறு பேச்சு இல்லாம வந்துட்டேன். பாடம் எப்படி நடத்தறதுன்னு எங்கிட்ட கேக்காதீங்க, அது தானா வந்துடும். பெத்தவங்க நம்ம வாசல்ல வந்து நின்னா என்னா பண்ணணும், அதப் பத்தி மட்டும் சொல்றேன். சந்தோஷமான கதை இல்ல, இப்பவே சொல்லிட்டேன்.

எழுபதுகள்ல நெல்லித்தோப்புல ஒரு அரசு தொடக்கப் பள்ளியில நான் பெரிய டீச்சர். பள்ளின்னதும் கட்டடம்னு நினைச்சிக்காதீங்க. வாடகை வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவங்கள இங்க சொல்தான்னு சொல்லுவாங்கல்ல, அப்படி ஒரு சொல்தா குடும்பம் பிரான்சுக்கே போய்ட்டப்பறம் பூட்டிக் கெடந்த வீடு. கூடத்துல ரெண்டு வகுப்பு, நடையில ரெண்டு வகுப்பு, சமையக்கட்டுல அஞ்சாவது. போர்டுல எழுதணும்னா அடுப்பு மேடையில சாஞ்சிக்கிட்டு எழுதணும், பொடவை பூராவும் கரி. ஒரு வகுப்புல வாய்ப்பாடு சொன்னா அடுத்த வகுப்புல திருக்குறள் நின்னு போகும். மழை வந்துச்சுன்னா எல்லாப் பிள்ளைங்களும் கூடத்துக்கு வந்துடும், அன்னைக்குப் படிப்பு அவ்ளோதான்.

அஞ்சாவதோட சரி. ஆறாவது படிக்கணும்னா மெயின் ரோட்டைத் தாண்டி டவுனுக்குள்ள போகணும். பசங்க போவானுங்க. பொண்ணுங்களை அனுப்ப மாட்டாங்க. அந்தத் தெருக்கள்ல முக்காவாசி வீட்டுல புருஷனும் பொண்டாட்டியும் மில்லு வேலை. ஆளுக்கொரு ஷிஃப்ட். கொண்டு போய் விட ஆளு ஏது? அஞ்சாவது முடிச்ச பொண்ணு அடுத்த ஜூன்ல இடுப்புல தம்பியையோ தங்கச்சியையோ தூக்கிக்கிட்டு நம்ம ஜன்னல்ல வந்து நிக்கும், உள்ள என்னா நடக்குதுன்னு பாத்துக்கிட்டு. வருஷா வருஷம் புது மூஞ்சிங்க. “போம்மா, போய் வீட்டைப் பாரு”ன்னு விரட்டணும். விரட்டிட்டு வந்து சாக்பீஸ் எடுத்தா கை ஓடாது.

அஞ்சலைன்னு ஒருத்தி. மில்லுல நூல் சுத்தற பிரிவுல வேலை. அவ மூத்த பொண்ணு வசந்தி அந்த வருஷம் எங்கிட்ட அஞ்சாவது. கணக்குல கெட்டி. நான் கேள்வியைப் போட்டுட்டுத் திரும்பறதுக்குள்ள விடையைச் சொல்லிடுவா, மத்த பிள்ளைங்க அவளைப் பாத்து மொறைக்கும். அஞ்சலையோட புருஷன் கெட்டவன் இல்ல, பிடிவாதக்காரன். “இங்கயே ஆறாவது வந்துச்சுன்னா படிக்கட்டும். டவுனுக்கு அனுப்ப மாட்டேன்”னு ஒரே வார்த்தையா சொல்லிட்டான். ஆக அஞ்சலைக்கு ஒரு வருஷம்தான் இருந்துச்சு. அடுத்த ஜூனுக்குள்ள இங்க ஆறாவது வந்தாகணும்.

அவதான் மொதல்ல ஆதிமூலத்துக்கிட்ட போய் அழுதா. ஆதிமூலம் தறி ஓட்டறவர், மில்லு சங்கத்துல முன்னாடி நிக்கறவர். கரகரன்னு தொண்டை. கோஷம் போட்டுப் போட்டே போன தொண்டை அது. அவருக்கும் எங்கிட்ட ரெண்டு பிள்ளைங்க படிச்சிச்சு. பெத்தவங்களையெல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை பள்ளியிலயே கூட்டிட்டார். ஆறு, ஏழு, எட்டு மூணு வகுப்புக்கும் மூணு ரூம், சாமான் வெக்க ஒண்ணு. நாலு ரூம் கட்டித் தரணும், பள்ளியை நடுநிலைப் பள்ளியா உயர்த்தணும். இதான் கோரிக்கை. சட்டசபையில கல்விக்குன்னு பணம் ஒதுக்குறப்ப நம்ம பள்ளியும் அதுல வரணும்.

இதுக்கப்பறம் அவங்க பண்ணத நெனச்சா எனக்கு இப்பவும் சிரிப்பு வரும். நம்மூரு சட்டசபை உங்களுக்கே தெரியும், முப்பதே பேரு, கையளவு. எம்.எல்.ஏ.ங்கறவர் ரெண்டு தெரு தள்ளி இருப்பார், வேப்பங்குச்சியோட வாசல்ல நிப்பார். இவங்க மனு குடுத்துட்டுச் சும்மா வீட்டுக்கு வரல. மில்லு சங்கு ஊதினதும் ஷிஃப்ட் முடிஞ்சவங்க நேரா அவரு வீட்டு வாசலுக்குப் போய் நின்னாங்க. அவங்க சாப்பிடப் போறப்ப அடுத்த ஷிஃப்ட்டுக்காரங்க வந்து நின்னாங்க. கோஷம் கெடையாது, சண்டை கெடையாது. சும்மா நிக்கறது. அவர் பல்லு வெளக்க வந்தாலும் ஆளு, மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவ வந்தாலும் ஆளு.

“உங்களுக்கு வேற வேலையே இல்லியாய்யா?”ன்னு கத்தியிருக்கார்.

“வேலைய முடிச்சிட்டுத்தான் வந்தோங்க”ன்னு ஆதிமூலம் சொல்லியிருக்கார்.

மொத வாரம் எம்.எல்.ஏ. வீட்டம்மா எல்லாருக்கும் மோர் குடுத்தாங்களாம். அப்பறம் மோரு நின்னுச்சு. அப்பறம் ஜன்னலையும் சாத்திட்டாங்க. நான் அரசாங்க ஊழியர், அங்க போய் நிக்க முடியாது. ஆனா தினம் காலையில பிள்ளைங்களை விட வர்றப்ப ஒவ்வொருத்தியும் நேத்து நடந்தத சொல்லிட்டுப் போவா. பள்ளிக்கூடமே கலகலன்னு இருந்த காலம் அது ஒண்ணுதான்.

பட்ஜெட் கூட்டம் நெருங்குச்சு. ஒரு நாள் சாயந்தரம் எம்.எல்.ஏ. அவராவே பள்ளிக்கு வந்துட்டார். சமையக்கட்டு வகுப்பை எட்டிப் பாத்துட்டு, “அடப்பாவிங்களா, இங்கயா பிள்ளைங்களை உக்கார வெச்சிருக்கீங்க”ன்னார், என்னமோ நாங்கதான் வெச்ச மாதிரி. அப்பறம் கூடத்துல நின்னு சொன்னார்: “ரெண்டு ரூம் தரேன். வர்ற ஜூன்லயே ஆறாவது ஆரம்பிச்சுக்கலாம். கல்வி மானியம் விவாதத்துக்கு வர்ற அன்னைக்கு மினிஸ்டர் வாயாலயே சொல்ல வெக்கறேன். ஆனா ஒண்ணு, இதோட திருப்தின்னு நீங்க சொல்லணும். அறிவிச்சப்பறமும் எங்க வீட்டு வாசல்ல நின்னீங்கன்னா எனக்கு அசிங்கம்.”

“நாலு கேட்டோம்”னார் ஆதிமூலம்.

“இது மில்லு இல்ல ஆதிமூலம். வேணாம்னா சொல்லு, அரியாங்குப்பத்துல ரெண்டு கைய நீட்டிக் கேக்கறாங்க.”

கலந்து பேசிச் சொல்றோம்னு ஆதிமூலம் அவரை அனுப்பி வெச்சார். மறுநாள் சாயந்தரம் கூட்டம். அன்னைக்கு நான் என் நாற்காலியை எடுத்துப் போட்டுக்கிட்டு நடுவுல உக்காந்துட்டேன். என் பள்ளி, என் கூடம், இங்க நான் பேசுவேன்னு பேசினேன். “வாங்கிக்குங்க. ரெண்டு ரூம்ல ஆறாவது ஏழாவது நடத்திடலாம். எட்டாவதுக்கு அப்பறம் பாத்துக்கலாம். மார்ச் முடிஞ்சா இந்தப் பணம் நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது. அடுத்த வருஷம் யாரு மினிஸ்டரா இருப்பாங்கன்னு எவனுக்குத் தெரியும்? இப்ப குடுக்கறத வாங்கி உள்ள வெச்சிட்டு அப்பறம் சண்டை போடுங்க.”

ஆதிமூலம் பொறுமையாத்தான் கேட்டார். அப்பறம் சொன்னார், “டீச்சரம்மா, கோவிச்சுக்காதீங்க. நீங்க சம்பளம் வாங்கற எடத்துல எதுத்துப் பேசிப் பழக்கமில்லாதவங்க. எங்களுக்கு அதுதான் பொழப்பு. போன தடவை போனசுக்குப் பேசினப்ப மொதல்ல என்னா குடுத்தாங்க, கடைசியில என்னா வாங்கினோம்? இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும். மொத தடவை நீட்டறத வாங்கினா அதான் கடைசி. ரெண்டுன்னு வாய் வந்தாச்சுல்ல? அடுத்த பேச்சுல மூணு வரும். அதுக்கடுத்ததுல நாலு.”

எல்லாரும் தலையாட்டினாங்க. ஏன் ஆட்ட மாட்டாங்க? அவங்க வீட்டுல சோறு வந்ததே அப்படித்தான். நின்னு, மறுத்து, திரும்ப நின்னு. மொதல்லயே ஒத்துக்கிட்டவன் ஏமாந்தவன். அவங்க வாழ்க்கை பூரா பாத்தது அதுதான்.

“நாலுக்குக் குறைஞ்சா வேணாங்கறவங்க கை தூக்குங்க”ன்னார் ஆதிமூலம். கூடம் பூரா கை. நான் அஞ்சலையைப் பாத்தேன். தூணுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தா. சுத்தும் முத்தும் பாத்தா. அவளும் தூக்கினா. முழுசாக் கூடத் தூக்கல, தோளு வரைக்கும் வந்து நின்னுச்சு அந்தக் கை. 

மறுநாள் அவ ஷிஃப்ட்டுக்குப் போற வழியில மடக்கினேன். “ஏண்டி, உனக்கு அறிவிருக்கா? உன் பொண்ணுக்கு வர்ற ஜூனுதான் கெடு. நாலு ரூம் வந்து உனக்கு என்னா ஆவப் போவுது? நீ போய் எம்.எல்.ஏ. வீட்டம்மாகிட்ட சொல்லு, எங்களுக்கு ரெண்டு போதும்னு. நீ ஒருத்தி சொன்னா உன் பின்னாடி பத்து பொம்பளைங்க வருவாங்க. அந்தாளுக்கும் அது போதும், திருப்தின்னு சொல்ல ஆளுதான் வேணும் அவருக்கு.”

அவ தூக்குவாளியை இந்தக் கையிலேருந்து அந்தக் கைக்கு மாத்தினா. அப்பறம், “என்னைக் கருங்காலியாவச் சொல்றீங்களா டீச்சர்?”னு கேட்டா.

உங்களுக்கு அந்த வார்த்தை வெறும் வசவு. மில்லுத் தெருவுல அப்படி இல்ல. ஸ்ட்ரைக் நடக்கறப்ப கேட்டுக்குள்ள போறவனுக்குப் பேரு கருங்காலி. அவ புருஷனோட அண்ணன் ஒரு ஸ்ட்ரைக்ல அப்படிப் போனவராம். பிள்ளைக்கு உடம்பு சரியில்ல, வைத்தியத்துக்குக் காசு வேணும்னு போயிருக்கார். அதுக்கப்பறம் தெருவுல ஒருத்தரும் பேசல. தண்ணிக் கொழாயில அவங்க கொடத்தை மட்டும் நகத்தி வெச்சிடுவாங்களாம். “அவரு செத்தப்ப தூக்கறதுக்கு ஆளு வரல டீச்சர். எங்க வீட்டு ஆம்பளைங்களே நாலு பேரு தூக்கிக்கிட்டுப் போனாங்க. தெருவே கதவைச் சாத்திக்கிட்டு இருந்துச்சு. எம் பொண்ணு படிக்கணும்தான். ஆனா அவ இந்தத் தெருவுலதானே இருக்கணும்?”

 சங்கு ஊதுச்சு, அவ ஓடிட்டா.

நாலுக்குக் குறைஞ்சு வேணாம்னு ஆதிமூலம் போய்ச் சொல்லிட்டு வந்தார். “சரி, பாக்கலாம்”னு மட்டும் சொன்னாராம் எம்.எல்.ஏ. “பாத்தீங்களா டீச்சரம்மா, எறங்கி வர்றாரு”ன்னு எங்கிட்ட வந்து சந்தோஷப்பட்டார். எனக்கு அது எறங்கி வர்ற பேச்சாத் தெரியல. ஆனா அவர் மூஞ்சில இருந்த தெம்பைப் பாத்து வாயை மூடிக்கிட்டேன்.

சட்டசபை கூடுச்சு. கல்வி மானியம் வர்ற நாளைக்கு கேலரியில உக்காந்து பாக்கப் பாஸ் வாங்கி வெச்சிருந்தாங்க. அஞ்சலை அன்னைக்கு லீவு சொல்லி வெச்சிருந்தா, நல்ல பொடவை ஒண்ணை எடுத்துத் தோச்சுப் போட்டிருந்தா. அந்த நாள் வரவே இல்ல. அதுக்கு முன்னாடியே ஆளுங்கட்சியிலேருந்து ரெண்டு பேரு அந்தப் பக்கம் போய் உக்காந்துட்டாங்க. நம்மூர்ல ஆட்சி போறதுக்கு ரெண்டு பேரு போதும். மந்திரிசபை போச்சு, சட்டசபையும் கலைஞ்சு போச்சு. கவர்னர் ஆட்சி. நம்மளுது யூனியன் பிரதேசம், பட்ஜெட்டு டெல்லிக்குப் போயிடுச்சு. டெல்லியில நெல்லித்தோப்பு சமையக்கட்டைப் பத்தி யாரு பேசப் போறாங்க?

ஆதிமூலத்துக்கு மட்டும் இது வெளங்கவே இல்ல. எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனார். அந்தாளு வெத்து ஒடம்போட உக்காந்து பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தாராம். “நான் இப்ப எம்.எல்.ஏ. இல்லப்பா. எங்கிட்ட வந்து என்னா கேக்கறே?”

“மூணு ரூமாச்சும் குடுங்க, ஒத்துக்கறோம்”னு இவர் சொல்லியிருக்கார். கேட்டுக்குங்க, அப்பவும் மூணு. அவர் சிரிச்சிருக்கார். அப்பறம் பாவமாப் போச்சோ என்னமோ, உள்ள கூப்பிட்டு ஒரு டம்ளர் மோர் குடுத்து அனுப்பியிருக்கார்.

செக்ரட்டேரியட்டுக்குப் போனாங்க. வடக்கேருந்து வந்த ஒரு ஆபீசர். மரியாதையா உக்கார வெச்சார். மொழிபெயர்க்க ஒரு கிளார்க்கு. புது வேலை எதுவும் இப்ப எடுக்கறதில்லன்னார். “அப்ப யார்கிட்டங்க பேசணும்?”னு ஆதிமூலம் கேட்டார். கிளார்க்கு அதை அவருக்குச் சொன்னார். அவர் கையை விரிச்சார்.

அதுக்கப்பறமும் இவங்க என்னா பண்ணாங்க தெரியுமா? பூட்டிக் கெடந்த சட்டசபை வாசல்ல போய் நின்னாங்க. ஷிஃப்ட்டு ஷிஃப்ட்டா. நான் ஒரு நாள் ஆபீஸ் வேலையா அந்தப் பக்கம் போனப்ப பாத்தேன். வெயில் கொளுத்துது. உள்ள ஒரு ஈ காக்கா இல்ல. கேட்டுக்கு வெளிய ஏழெட்டு பேரு, நூல் தூசி ஒட்டின தலையோட. “யாரைப் பாக்கணும்?”னு போலீஸ்காரர் கேக்கறார். “யாரையும் இல்லீங்க, நிக்கறோம்”ங்கறாங்க.  ரோட்டுல வெச்சே எனக்கு அழுகை வந்துடுச்சு. கொஞ்சம் கொஞ்சமா ஆளு குறைஞ்சு, ஒரு நாள் யாரும் நிக்கல.

ஜூன் வந்துச்சு. பாஸான பசங்களுக்கு டவுன் பள்ளியில சேர டி.சி. வாங்கிட்டுப் போனாங்க. நின்னு போற பொண்ணுக்கு டி.சி. வாங்க யாரும் வரமாட்டாங்க, அது எதுக்கு? வசந்தி ஜன்னலுக்குக்கூட வரல. நானே வீட்டுக்குப் போனேன். கடைசிக் குழந்தையை இடுப்புல வெச்சிக்கிட்டு அரிசி களைஞ்சிக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்ததும் பின்பக்கம் போய்ட்டா. அப்பன்காரன்கிட்ட கத்தினேன், கெஞ்சினேன், தினம் நானே ஆளு வெச்சு அனுப்பறேன்னேன். “இங்க ஆறாவது வந்தாப் படிக்கட்டும்னேன். வந்துச்சா டீச்சர்?”னு கேட்டான். அஞ்சலை சொவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. அவ மேல எனக்கு அன்னைக்குக் கோவம் வரல. யாரு மேல வரணும்னும் தெரியல.

இதக் கேட்டுட்டு, ‘பாத்தீங்களா, படிக்காதவங்க, கெடச்சதக் கெடுத்துக்கிட்டாங்க’ன்னு சொல்லாதீங்க. சொன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். கேக்கத் தெரிஞ்சவங்க அவங்க. ஒத்துமையா நிக்கத் தெரிஞ்சவங்க. உங்கள்ல யாருக்காவது தெரியுமா அது? மில்லு மொதலாளி நாளைக்கும் அதே நாற்காலியில இருப்பான், இன்னைக்கு இல்லன்னா நாளைக்குப் பேசலாம். ஆட்சி அப்படி இருக்காது. அந்த ஒண்ணுதான் அவங்களுக்குப் பழக்கமில்ல. அது நமக்குத் தெரியும், ஃபைலோட பொழங்கறவங்க நாம. அதனால பெத்தவங்க வந்து கேட்டா, கையெழுத்து வாங்கிட்டு அனுப்பாதீங்க. உக்கார வெச்சு, பணம் எப்ப வரும், எப்ப போயிடும், யாரு கையில இருக்குதுன்னு சொல்லுங்க. ஒரு தடவை சொல்லி அவங்க கேக்கலன்னா பத்து தடவை சொல்லுங்க. இன்னொண்ணு. கூட்டத்துல கை தூக்கச் சொல்றப்ப எத்தனை கைன்னு எண்ணாதீங்க. அதுல யாருக்கு நஷ்டம்னு பாருங்க. அவங்க மூஞ்சியைப் பாருங்க. அன்னைக்கு அந்தக் கூடத்துல எல்லாருக்கும் நாலு ரூம் வேணும், அஞ்சலைக்கு மட்டும் ஜூன் மாசம் வேணும். அவளால அத அங்க சொல்ல முடியல.

வருஷங்க ஓடுச்சு. எலெக்‌ஷன் வந்துச்சு, வேற ஆட்சி, வேற எம்.எல்.ஏ., மறுபடியும் ஒரு கலைப்பு, மறுபடியும் எலெக்‌ஷன். எண்பதுகள்ல ஒரு வழியா எடம் பாத்துக் கட்டடம் கட்டினாங்க. ரெண்டே ரூம். யாரும் வாசல்ல நிக்கல, யாரும் பேரம் பேசல. தொறப்பு விழா அன்னைக்கு மினிஸ்டர் வந்து ரிப்பன் வெட்டி, லட்டு குடுத்து, கார் ஏறிப் போய்ட்டார். ஆதிமூலம் வந்திருந்தார், தலையெல்லாம் நரைச்சு. பின்னாடி வரிசையில உக்காந்திருந்தார்.

அன்னைக்கே அஞ்சலை தன் ரெண்டாவது பொண்ணு உமாவை ஆறாவதுல சேக்கக் கூட்டிக்கிட்டு வந்தா. கூடவே வசந்தியும். நம்மூரு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில ஏதோ கம்பெனியில பாக்கிங் வேலைக்குப் போய்க்கிட்டு இருந்தா அப்ப. ஒசரமா, அமைதியா வளர்ந்திருந்தா. “நல்லா இருக்கீங்களா டீச்சர்?”னு கேட்டா. புது ரூமு வாசப்படியில நின்னு உள்ள பாத்தா. சுண்ணாம்பு வாசனை, புது பெஞ்சு, பெரிய ஜன்னலு. பக்கத்து ரூமையும் எட்டிப் பாத்தா. அப்பறம் எங்கிட்ட திரும்பி, கோவமே இல்லாம, தெரிஞ்சுக்கறதுக்காகக் கேக்கற மாதிரி கேட்டா:

“இதே ரெண்டு ரூமத்தான டீச்சர் அன்னிக்கும் தரேன்னாங்க?”

ஆதிமூலம் பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தார். அஞ்சலையும் இருந்தா. நானும் இருந்தேன். அவங்க ரெண்டு பேரும் தலையைக் குனிஞ்சிக்கிட்டாங்க. “ஆமாம்மா”ன்னு நான்தான் சொன்னேன்.

வசந்தி உமாவை இழுத்துக்கிட்டுப் போய் மொத பெஞ்சுல உக்கார வெச்சா. அவ முடியை ஒதுக்கி விட்டா. “மழை பேஞ்சாலும் லீவு போடக்கூடாது, தெரியுதா?”ன்னு மெரட்டற மாதிரி சொல்லிட்டு, வேலைக்கு நேரமாச்சுன்னு போய்ட்டா.